கடலைப் பாளமும் கொத்தமல்லித் தழையும்

சின்ச்சு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்தைத் தைபேயிலிருந்து திரும்பும் ரயிலில்தான் படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது சுவரைப் பிடிக்காமல் அடுப்படி வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கடலை மிட்டாய்க்குப் பாகுப் பதம் பார்க்க இன்னமும் அவர்கள் கைதான் வேண்டும் என்கிறாய். சரி, பார்க்கட்டும். அடுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிடு, நிற்க விடாதே.

டிசம்பர் விடுமுறைக்கு தங்கச்சியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வரப்போகிறாய் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நானும் ஆறு வருஷமாகத் தைவானுக்குக் கூப்பிடுகிறேன்! அங்கே பார்க்க என்ன இருக்கிறது, தங்கச்சி சைவமாயிற்றே சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தாய். மலை, கோயில், நூறு மாடிக் கட்டடம் எல்லாம் பகலில் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி ஆனதும் உங்களை நான் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். தங்கச்சியின் சாப்பாட்டுக்கும் அங்கேயே வழி இருக்கிறது.

இங்கே அதை 'யேஷி' என்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பல்பு எரியும், எண்ணெய் காயும். நள்ளிரவு வரை தெரு நிறைய ஜனம். வெளியூர்க்காரர்களுக்காக நடத்தும் வேடிக்கை என்று நினைத்துவிடாதே. ஆபீஸ் விட்டு வருகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கைக்குழந்தையோடு வருகிற குடும்பங்களும் அங்கேதான் ராச்சாப்பாட்டை முடிக்கிறார்கள். வாடகை அறைகள் பலவற்றில் சமையற்கட்டே கிடையாது. என் அறையிலும் வெந்நீர் போடும் கெட்டில் ஒன்றுதான். கூட்டமும் சத்தமும் சேர்ந்து ஒரு இடம் களைகட்டுவதைச் சொல்ல இவர்களிடம் 'ரெனாவ்' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'சூடும் சத்தமும்' என்று வரும். இவர்கள் வாயில் அது பாராட்டு. சந்தை ரெனாவாக இருந்தது என்றால் மனசு நிறைந்தது என்று பொருள்.

முதல் நாள் ராவ்ஹே தெருவுக்குப் போவோம். தைபேயில் சோங்ஷான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தெருமுனையில் கடல் தெய்வமான மாசுவுக்கு ஒரு கோயில். 1753இல் கட்டியது. கூரை முழுக்க வண்ண வண்ண டிராகன், இரவில் விளக்குப் போட்டால் நம் ஊர்க் கோபுரம்போல ஜொலிக்கும். சந்தை அறுநூறு மீட்டர்தான் நீளம். ஒரு காலத்தில் வியாபாரம் படுத்துப்போன தெரு இது, 1987இல் இரவுச் சந்தையாக்கி நிமிர்த்திவிட்டார்கள். நடுவில் ஒரு வரிசை வண்டிகள் நிற்பதால், போகிறவர்கள் ஒரு பக்கம், வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று கூட்டம் தானாகப் பிரிந்துகொள்கிறது.

கோயில் பக்க நுழைவாயிலிலேயே மிளகு ரொட்டிக் கடை ஒன்று. வாசனை ரயில் நிலையத்து வாசல் வரை வந்து கூப்பிடும். ஏழெட்டுப் பேர் நீள மேஜையைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் மாவைக் கிள்ளித் தட்டுவார், அடுத்தவர் மிளகில் ஊறிய பன்றிக்கறியை உள்ளே வைப்பார், இன்னொருவர் ஒரு கை நிறைய நறுக்கின வெங்காயத்தாளை அதன்மேல் அமுக்கி, கொழுக்கட்டைபோல மூடி, தலையில் எள்ளைத் தூவுவார். அப்புறம் அதைப் பீப்பாய் மாதிரி இருக்கும் மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டவேண்டும். அடியில் கரித்தணல். நம் ஊரில் நாண் ரொட்டி சுடும் தந்தூரி அடுப்பேதான், உள்ளே இருப்பது மட்டும் வேறு. வெந்ததும் இடுக்கியால் பெயர்த்துக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். உடனே கடித்தால் கறியின் சாறு நாக்கைச் சுட்டுவிடும். ஓரத்தில் கிள்ளி ஆவியை விட்டு, இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். நீ பன்றிக்கறி சாப்பிடுவதில்லை, தெரியும். வரிசையில் நின்று அந்தக் கைகளையாவது பார்.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தக் கடையில் வேறு எதுவும் கிடையாது. மிளகு ரொட்டி, அவ்வளவுதான். பக்கத்தில் மூலிகை போட்ட எலும்புச் சாறு விற்பவரும் அப்படித்தான், அதற்குப் பக்கத்துக் கடையும் அப்படித்தான். 2018இல் மிஷலின் நிறுவனம் தைபேக்கு முதல்முறையாக உணவக வழிகாட்டி போட்டபோது, குறைந்த விலையில் நல்ல சாப்பாடு என்ற பட்டியலில் இந்த மாதிரி ஒற்றைச் சரக்கு வண்டிக் கடைகள் பலவற்றைச் சேர்த்தார்கள். இந்த ரொட்டிக் கடையும் அதில் உண்டு. உங்கள் கடையில் கேக்கும் பஃப்ஸும் சிப்ஸும் வைத்தால்தான் இனி ஓடும் என்று உன் தம்பி சொல்வதாக எழுதியிருந்தாய் அல்லவா? அதைப் படித்ததும் எனக்கு இந்தத் தெருதான் கண்ணில் நின்றது. தாத்தா காலத்திலிருந்து கடலை மிட்டாய் ஒன்றையே செய்து வருகிறீர்கள். 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களைப் போன்றவர்களால்தான். கணக்கு வழக்கு உனக்குத்தான் தெரியும், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் புத்தி சொல்லக் கூடாது. ஆனால் முடிவெடுக்கும் முன் தம்பியையும் ஒரு நடை இங்கே கூட்டிவா.

இனி உனக்காகவே வைத்திருக்கும் கடைக்கு வருகிறேன். ராவ்ஹே தெருவின் நடுவில் ஒரு பாட்டி. பாட்டியை இங்கே 'அமா' என்கிறார்கள். நம் காதுக்கு அம்மா என்றே விழும், எனக்கு அப்படிக் கூப்பிடுவது பிடித்துப்போய்விட்டது. வண்டியின்மேல் கடலை மிட்டாய்ப் பாளம் ஒன்று இருக்கும். பாளம் என்றால் உங்கள் கடைச் சில்லு இல்லை, ஓர் அம்மிக்கல் அளவு! வெல்லத்துக்குப் பதில் மால்ட் பாகில் பிடித்தது. அதை உடைக்க மாட்டார்கள். தச்சர் மரத்தை இழைக்கும் இழைப்புளி இருக்கிறதே, அதையே அதன்மேல் வைத்துச் சர்ரக் சர்ரக்கென்று இழைப்பார்கள். பொன்னிறத் தூள் குவியும். துணி மாதிரி மெல்லிய மாவுத் தாளை விரித்து, அதில் இந்தத் தூளைப் பரப்பி, சேப்பங்கிழங்கு ஐஸ்கிரீம் இரண்டு உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு கொத்து பச்சைக் கொத்தமல்லித் தழையைப் போட்டுச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடலை மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் கொத்தமல்லியா என்று நானும் முதல் தடவை தயங்கினேன். ஒரு வாய் கடித்ததும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்தது. இனிப்பு திகட்டப் போகும் நேரத்தில் தழை வந்து வாயைக் கழுவிவிடுகிறது. நம் பணத்தில் நூற்றைம்பது ரூபாய் பக்கம் ஆகும். தங்கச்சியும் சாப்பிடலாம்.

சைவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். 'சூ' என்ற ஒரு சொல் போதும், சைவம் என்று புரிந்துகொள்வார்கள். கடைப் பலகையில் ஸ்வஸ்திகம்போல ஒரு குறி இருந்தால் அது பௌத்தச் சைவக் கடை. அங்கே வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நம் வீடுகளில் அமாவாசை, பௌர்ணமிக்கு இருப்பதுபோலத்தான். ஆனால் கீரை என்று வாங்கினால் அதன்மேல் கொத்துக்கறிக் குழம்பு ஒரு கரண்டி விழுந்துவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாற்றத் தோஃபு, அதாவது நாறும் சோயாக் கட்டி, இந்த ஊருக்குப் பேர்போன பண்டம். ஆனால் அதை ஊறவைக்கும் தண்ணீரில் இறால் சேர்க்கும் வழக்கமும் உண்டு, தங்கச்சிக்கு வேண்டாம்.

மருமகளுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உருண்டை வாங்கித் தருவேன். கிழங்கு மசியலோடு மரவள்ளி மாவைப் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி எண்ணெயில் போடுவார்கள். வேகும்போது கடைக்காரர் பெரிய ஜல்லிக் கரண்டியால் அந்த உருண்டைகளைச் சட்டியோடு சேர்த்து அழுத்துவார். விட்டதும் கொஞ்சம் உப்பும். மறுபடி அழுத்துவார், இன்னும் கொஞ்சம் உப்பும். இப்படியே அழுத்தி அழுத்தி எலுமிச்சை அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். உள்ளே வெறும் காற்று, வெளியே மொறுமொறுப்பு, பல்லில் பட்டால் ரப்பர்போல ஒரு இழுப்பு. அந்த இழுப்பை 'கியூ' என்று ஓர் ஆங்கில எழுத்தாலேயே குறிக்கிறார்கள், அதற்காகவே சாப்பிடுகிற ஜனம் இது. பால் தேநீருக்குள் போடுகிற கறுப்பு முத்துகளும் அதே மரவள்ளி மாவுதான். சேலத்து ஜவ்வரிசிக்குத் தூரத்து உறவு என்று மருமகளிடம் சொல்லி வை.

துணிமணி, சாமான் வாங்க ஷிலின் சந்தை. ஜியான்டான் நிலையத்தில் இறங்க வேண்டும். பெரிய சந்தை, பெயரும் பெரியது. ஆனால் சாப்பிட எனக்கு ராவ்ஹேதான். ஷிலினில் செல்போன் உறை, செருப்பு, பை, மூன்று ஜோடி நூறு தைவான் டாலருக்குக் காலுறை எல்லாம் கிடைக்கும். வளையம் எறிவது, பலூன் சுடுவது, காகித வலையால் தங்கமீன் பிடிப்பது என்று விளையாட்டுக் கடைகளும் உண்டு. மருமகள் அங்கிருந்து நகர மாட்டாள். வழியின் நடுவே துணி விரித்துக் கடை போட்டிருப்பவர்களைக் கவனி. போலீஸ் வருகிறது என்று ஒரு குரல் கேட்டதும் விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கி, பத்து விநாடியில் சந்துக்குள் போய்விடுவார்கள். வாங்கின பெண் சில்லறைக்காகக் கையை நீட்டியபடி நிற்பாள். அவள் எங்கும் போக மாட்டாள், அவர்களும் திரும்பி வந்து கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். இதை நானே பார்த்தேன்.

நாள் இருந்தால் தெற்கே தைனான் போகலாம். அங்கே இரவுச் சந்தை நம் வாரச் சந்தை மாதிரி, கிழமைக்கு ஓர் இடம். எந்தக் கிழமை எங்கே என்று மறக்காமலிருக்க ஊர்க்காரர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: "தா தா வூ ஹுவா தா வூ ஹுவா". திங்களும் செவ்வாயும் தாதோங், புதன் வூஷெங், வியாழன் ஹுவாயுவான் என்று ஞாயிறு வரை போகும். சந்தை இல்லாத நாளில் ஹுவாயுவான் வெறும் பொட்டல். சந்தை நாளில் ஒவ்வொரு கடைக்கும் உயரமாக ஒரு கொடி, திருவிழாத் திடல்தான்.

என் ஊர் சின்ச்சுவில் நகரக் காவல் தெய்வத்தின் கோயில் இருக்கிறது, 1748இல் கட்டியது. கோயிலைச் சுற்றியே சாப்பாட்டுக் கடைகள், சாமி சன்னதிக்கும் சட்டிக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. அரிசிச் சேமியாதான் இங்கே விசேஷம். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று ஊளையிட்டுக்கொண்டு வீசும். பிழிந்த சேமியாவை அந்தக் காற்றில்தான் பரப்பி உலர்த்துகிறார்கள். நீ வரும்போது காற்று உச்சத்தில் இருக்கும், கம்பளிச் சட்டை கட்டாயம். 2021 மே மாதம் கொரோனா கட்டுப்பாடு வந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றபோது, ஒரு ராத்திரி இந்தக் கோயில் பக்கம் வந்தேன். விளக்கு மட்டும் எரிந்தது. கவிழ்த்து வைத்த முக்காலிகள், மூடின சட்டிகள். சாமி தனியாக உட்கார்ந்திருந்தது. ஊரை நினைத்து நான் அழுதது அந்த ஒரு நாள்தான். இரண்டு மாதம் கழித்துக் கடைகள் திறந்தபோது சேமியாக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலேயே ஒரு கரண்டி கூடுதலாக வைத்தார்.

அப்புறம், சில விஷயங்கள். ஊறுகாய், பொடி எல்லாம் கொண்டு வரலாம். கறி சேர்ந்த எதையும், பச்சைப் பழத்தையும் கொண்டு வந்துவிடாதே, விமான நிலையத்தில் பெரிய அபராதம் போடுவார்கள். மெட்ரோ ரயிலுக்குள் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது, மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

எனக்காக ஒன்று கொண்டு வா. கடலை மிட்டாய், இரண்டு கிலோ. கடையில் அடுக்கி வைத்திருப்பதிலிருந்து வேண்டாம், கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா பதம் பார்த்து இறக்கின பாகில் பிடித்தது. மேலே அந்த ரோஸ், பச்சை, மஞ்சள் தேங்காய்த் துருவலும் தூவியிருக்க வேண்டும். ஒரு கிலோ எனக்கு, ஒரு கிலோ ராவ்ஹே பாட்டிக்கு. போன வாரம் அவளிடம் போனில் உங்கள் கடைப் படத்தைக் காட்டினேன். என் அரைகுறைச் சீனத்தில், என் நண்பன் வீட்டுத் தொழிலும் இதுதான் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். இழைக்க மாட்டீர்களா, அப்படியேவா கடிப்பீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் நண்பன் வரட்டும், இதை நான் இழைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, இழைப்புளியைத் துணியால் துடைத்து வைத்தாள்.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது.

உன்
மாப்ளே