பனியிலும் சாரலிலும் முகப்பு விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் தாமிரபரணிக் கரையூர்களில் விடிவதற்கு முன்பே வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்களும், கோயிலுக்கு நடந்து போகும் முதியவர்களும், பால் கேன் கட்டிய சைக்கிள்களும் சாலையோரத்தில் நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள். பிசான நடவு முடிந்து தண்ணீர் கட்டி நிற்கும் வயல்களின் மேல் படியும் பனிமூட்டம், சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட சாலையை மூடுவதும் அதே வேளையில்தான். அப்போது எதிரே வரும் கார்களில் பல, முகப்பு விளக்கைப் பிரைட்டில் வைத்துக்கொண்டு வருகின்றன. ஓட்டுபவர் யாருக்கும் தீங்கு நினைத்து இதைச் செய்வதில்லை. வெளிச்சம் கூடினால் பாதை நன்றாகத் தெரியும் என்று நம்புகிறார். பனியில் அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். பிரைட் விளக்கின் ஒளி நேராகப் பாய்வதால், ஓட்டுநரின் கண்மட்டத்தில் உள்ள துளிகளில் பட்டு அவரிடமே திரும்புகிறது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஆகி, இருந்த பார்வையும் குறைகிறது. டிம்மில் ஒளி கீழ்நோக்கி விழுவதால் கண்ணுக்குத் திரும்பும் வெளிச்சம் குறைவு. தார்ச்சாலையும் ஓரக் கோடும் புலப்படும்.

பனிமூட்டத்துக்கென்றே உள்ள முன்பக்க ஃபாக் லைட் பம்பரின் கீழ்ப்பகுதியில் பொருத்தப்படுவதும் இந்தக் காரணத்தால்தான். அதன் ஒளி தட்டையாக, இருபுறமும் அகலமாக, தரையை ஒட்டிப் பரவும். தொலைவைக் காட்டுவது அதன் வேலையன்று. மெதுவாகச் செல்லும் வண்டி தடம் விலகாமலிருக்க அருகிலுள்ள சாலையோரத்தைக் காட்டுவதே அதன் வேலை. ஆகவே ஃபாக் லைட் இருக்கிறது என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டக் கூடாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனியில், நான்குவழிச் சாலையோரம் விளக்கின்றி நிற்கும் லாரி கண்ணில் பட்ட பிறகு ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்றே அதிகமான அவகாசம்தான். மஞ்சள் விளக்குதான் பனியைக் கிழிக்கும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். பனித்துளியின் அளவு ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரிது. எனவே வெள்ளை, மஞ்சள் இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறுகின்றன. விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, அதன் ஒளி மேலே எழாமல் அடக்கப்பட்டிருக்கிறதா என்பவையே முக்கியம்.

எனக்கு இரவைவிட அதிகக் கவலை தருவது பகல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசனில், தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புளியரை மலைப்பாதை ஏறும் வண்டிகள் நண்பகலில்கூடச் சாரலுக்கும் மேகத்துக்கும் நடுவே செல்கின்றன. பகல்தானே என்று பலர் விளக்கே போடுவதில்லை. புதிய கார் வைத்திருப்பவர்களோ, முன்னால் பகல் விளக்கு தானாக எரிவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக எண்ணுகிறார்கள். பல கார்களில் அந்தப் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. விளக்குச் சுவிட்சை ‘ஆட்டோ’ நிலையில் விட்டாலும் போதாது. அந்தச் சென்சார் வெளிச்சத்தின் அளவை மட்டுமே பார்க்கும், பகல் நேரப் பனிமூட்டத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சாம்பல் நிறக் கார் ஒன்று பின்விளக்கின்றிப் புளியரை வளைவில் ஊர்ந்தால், பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு அது மேகத்தோடு மேகமாகவே இருக்கும். சுவிட்சைக் கையால் திருப்பி டிம் விளக்கை எரியவிட்டால் பின்விளக்கும் சேர்ந்து எரியும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105ஆம் விதியும் இரவு நேரத்தோடு நிற்காமல், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்றே சொல்கிறது.

இதற்கு மாற்றாக நாலு இண்டிகேட்டரையும் ஒருசேரப் போட்டுக்கொண்டு ஓட்டும் வழக்கம் மழைநாளில் பெருகிவிட்டது. அது நின்றுவிட்ட வண்டி, தன் நிலையைப் பிறருக்குத் தெரிவிப்பதற்கானது. ஓடும் வண்டியில் அதைப் போட்டால், பின்னால் வருபவருக்கு முன்வண்டி நிற்கிறதா நகர்கிறதா என்பது விளங்காது. ஓட்டுநர் வலப்பக்கம் திரும்ப நினைத்தாலும் அதைக் காட்ட இண்டிகேட்டர் உதவாது.

சில கார்களில் பின்பக்கமும் சிவப்பு ஃபாக் லைட் உண்டு. சாதாரணப் பின்விளக்கைவிட அதன் ஒளி பல மடங்கு கடுமையானது. அடர்ந்த பனியில் உயிர்காக்கும் அதே விளக்கு, வானம் தெளிந்த பிறகும் எரிந்தால் பின்னால் வருபவரின் கண்ணைக் குத்துவதோடு பிரேக் விளக்கு எரிவதையும் மறைத்துவிடுகிறது. டேஷ்போர்டில் முன் ஃபாக் லைட்டுக்குப் பச்சை நிறத்திலும் பின் ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் நிறத்திலும் குறி ஒளிரும். அந்த மஞ்சள் குறியைப் பார்த்து அணைத்துவிட வேண்டும். தெளிந்த இரவில் அழகுக்காக முன் ஃபாக் லைட்டை எரியவிடுவதும் தேவையற்றது.

கண்கூச்சம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 106ஆம் விதியின்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அந்த ஒளி கூசச் செய்யக் கூடாது. ஆனால் ஹாலோஜன் பல்புக்கென்று செய்த குடுவையில் வெளியில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டினால் ஒளி அடங்காமல் நாலாபுறமும் சிதறுகிறது. பின்சீட்டில் மூவரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் காரின் முன்பக்கம் தூக்கி, டிம் விளக்கே பிரைட்போல எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். இதைச் சரிசெய்யவே பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு திருகி இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கிச் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வழியாக இரவெல்லாம் நடக்கும் பாதயாத்திரை பக்தர்களை, எதிரே வரும் வண்டியின் ஒளி ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. பக்தர்கள் தோள்பையில் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் பட்டையும் டிம் வெளிச்சத்துக்கே மின்னும்; அதற்குப் பிரைட் தேவையில்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கிளட்சையும் கியரையும் கற்றுத் தருவதைப் போலவே விளக்குச் சுவிட்சின் ஒவ்வொரு நிலையையும் கற்றுத் தர வேண்டும். உரிமத் தேர்வின்போது அதிகாரி, ஃபாக் லைட்டைப் போட்டுக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கயத்தாறு, நாங்குநேரி சுங்கச்சாவடிகளில் மார்கழி, தை மாத அதிகாலைகளில் போக்குவரத்துக் காவலர்கள் நின்று, பின்விளக்கு எரியாத லாரிகளையும் டிராக்டர் டிரெய்லர்களையும் அங்கேயே ஓரங்கட்டி, பல்பை மாற்றிய பிறகே அனுப்பலாம். அபராதச் சீட்டைவிட அது அன்றைக்கே பயன் தரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி.