நன்கொடை அழைப்பிதழில் நீதிபதியின் பெயர் வேண்டாம்

வட சென்னையில் அறக்கட்டளைகளும் நற்பணி மன்றங்களும் நடத்தி வரும் அன்பர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், காசிமேடு பகுதிப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ரசீதுப் புத்தகத்துடன் கடை கடையாக ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிதி திரட்டும் விழாக்களுக்குப் பதவியில் இருக்கும் நீதிபதிகளைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, அவர்களின் பெயரை அழைப்பிதழிலும் விழா மலரிலும் அச்சிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு 1997 மே 7 அன்று ஏற்றுக்கொண்ட நெறிகளின்படி, எந்த நோக்கத்துக்காகவும் ஒரு நீதிபதி நிதி கேட்கவோ, நன்கொடை பெறவோ, நிதி திரட்டும் பணியில் முனைந்து ஈடுபடவோ கூடாது. நல்ல காரியம் என்பதற்காக அதில் விலக்கு எதுவும் தரப்படவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளுக்கான நடத்தை விதிகள்கூட, நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு வந்து அமர்ந்துவிட்டுப் போக இடம் கொடுக்கின்றனவே தவிர, அங்கே பேச்சாளராகவோ சிறப்பு விருந்தினராகவோ இருக்க அனுமதிப்பதில்லை. நம் நெறிகள் உயர்நிலை நீதிபதிகளை முன்வைத்து எழுதப்பட்டவைதான். ஆனால் அவற்றின் பின்னுள்ள காரணம் திருவொற்றியூர் நீதிமன்றத்துக்கும் அதே அளவு பொருந்தும்.

அந்தக் காரணத்தைக் கொடுப்பவரின் பக்கம் நின்று பாருங்கள். கடை வாடகை வழக்கு நிலுவையில் உள்ள ஒரு வியாபாரியிடம், நீதிபதியின் பெயர் தாங்கிய அழைப்பிதழை நீட்டினால், அவர் மனமுவந்து கொடுக்கிறாரா, மறுக்கப் பயந்து கொடுக்கிறாரா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. பயந்து கொடுத்த பணத்தில் ஒரு பிள்ளை படிப்பதை நான் விரும்பவில்லை.

இதைவிட என்னை வருத்துவது எதிர்த்தரப்பில் நிற்பவரின் நிலை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி மகனை இழந்த ஒரு தாய், இழப்பீடு கேட்டு வழக்கு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த லாரியின் உரிமையாளர் நம் விழா மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததற்காக, வழக்கை விசாரிக்கும் அதே நீதிபதியின் கையால் பொன்னாடை பெற்று, அந்தப் படத்தைத் தெருமுனைப் பதாகையில் போட்டுக்கொண்டால், தீர்ப்பு எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் அந்தத் தாய்க்கு நம்பிக்கை வருமா? நீதிபதி ஒரு பைசா வாங்கவில்லை. நாமும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆயினும் இழப்பு அந்தத் தாய்க்கு.

நீதிபதிகள் மக்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் நடக்கும் சட்ட உதவி முகாம்களுக்கும், பணம் வசூலிக்காத பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் அவர்கள் வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் இன்னும் அதிகமாக வர வேண்டும்.

இந்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் தயாரிப்பவர்கள், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, மேடையின் முதல் இருக்கையை நம் பகுதி அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கோ ஸ்டான்லி மருத்துவமனைச் செவிலியர் ஒருவருக்கோ கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அச்சடித்துவிட்டவர்கள் அந்த அழைப்பிதழை வைத்து நன்கொடை கேட்காதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு நன்கொடை திரட்டுநர்