மாரிக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள்: கிழக்கின் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊழியம் செய்யும் போதகர் ஐயாமார், பங்குத் தந்தையர், மூப்பர்கள், பங்குச் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

மாரிகால நெற்செய்கையான பெரும்போகம் தொடங்குமுன் நம் விவசாயிகள் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், வாய்க்கால் துப்பரவு எப்போது, மாடுகளை வயல் வட்டையிலிருந்து எப்போது வெளியேற்றுவது என்று எல்லாம் அங்கே பேசி முடிவாகும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படியொரு கூட்டத்தை ஒவ்வொரு சபையிலும், செப்டெம்பர் முடியுமுன், நீங்கள் கூட்ட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெள்ளம் வந்த பிறகு நம் சபைகள் செய்கிற வேலையில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வடியுமுன்பே சமைத்த சாப்பாடு போய்ச் சேரும். வாலிபர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று உலருணவுப் பொதி சுமப்பார்கள். ஆனால் வெள்ளத்துக்கு முன்னால்? நம்மை அடித்த நாட்களைப் பாருங்கள். சூறாவளி 1978 நவம்பர் 23. சுனாமி 2004 டிசம்பர் 26. பெருவெள்ளம் 2011 ஜனவரி, பிறகு 2024 நவம்பர். எல்லாமே நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில். திருவருகைக் காலம், கரோல், நத்தார், புதுவருட ஆராதனை என்று தலைவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத அதே மாதங்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து திட்டம் போட யாராலும் முடியாது. அதனால்தான் செப்டெம்பர் என்கிறேன்.

ஒரு வெள்ளத்தின்போது நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஊரில் மேடான இடத்தில் இருந்தது ஆலய மண்டபம்தான். இரவோடு இரவாகச் சனங்கள் பாயும் பிள்ளைகளுமாக வந்து வாசலில் நிற்கிறார்கள். திறப்பு வைத்திருந்தவர் கொழும்பில். இரண்டாவது திறப்பு யாரிடம் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். தண்ணீர்த் தாங்கி காலி. மலசலகூடம் ஒன்றே ஒன்று, அதற்கும் வெளிச்சமில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி விடியும்வரை சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். அடுத்த நாள் அரிசியும் பருப்பும் வேண்டிய அளவு வந்தன. இன்சுலின் போடுகிற ஐயாவுக்கு மருந்தும் வரவில்லை, பெண்களுக்குத் தேவையான துணியும் வரவில்லை. அன்பு இல்லாமல் இப்படி நடக்கவில்லை. ஒருவரும் முன்கூட்டி யோசிக்காததால் நடந்தது.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சிலர் சொல்வார்கள். சரி, பார்த்துக்கொள்வார்தான். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். எருசலேமிலிருந்து அந்தியோகியாவுக்கு வந்த அகபு என்ற தீர்க்கதரிசி, பஞ்சம் வரப்போகிறது என்று ஆவியானவராலே அறிவித்தார். அதைக் கேட்ட சபை, பஞ்சம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடவில்லை. “அவரவர் தங்கள் தங்கள் திராணிக்குத்தக்கதாக” பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த சகோதரருக்கு பர்னபா, சவுல் என்ற இருவர் கையில் அனுப்பினார்கள். யாருக்கு, எவ்வளவு, யார் கையில் என்ற மூன்றுக்கும் அங்கே பதில் இருந்தது. யோசேப்பும் பார்வோனுடைய சொப்பனத்துக்குப் பஞ்சம் வரும் என்று பொருள் சொன்னதோடு எழுந்து போய்விடவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருடம் சேர்த்து வையுங்கள், அதற்கு ஆட்களை நியமியுங்கள் என்று வழியையும் சொன்னார். ஆண்டவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்குமுன் அவர்களை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் உட்கார வைத்தாரே! அற்புதம் செய்கிறவருக்கே ஒழுங்கு தேவைப்பட்டது.

சுனாமியன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஞாயிறு காலை. எத்தனையோ ஆலயங்களில் அந்நேரம் ஒலிவாங்கி கையில் இருந்தது, சனமும் கூடியிருந்தது. சேதிதான் வந்து சேரவில்லை. அம்பாறையில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்றைக்கு அந்த நிலை இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுனாமி எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் உள்ளே போனது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இருக்கிறது. சேதி வந்தால் உங்கள் சபையில் அதை யார் முதலில் கேட்பார், யார் மணி அடிப்பார், நடக்க முடியாத அம்மாவை யார் தூக்குவார் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு “போதகர்” என்று பதில் வந்தால் அந்தச் சபை ஆயத்தமாக இல்லை. காலைமுதல் மாலைமட்டும் தனியே நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்று அவருடைய மாமன் எத்திரோ முகத்துக்கு நேரே சொன்னார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை வையும் என்றார். நம்மிடம் வாலிபர் சங்கம் இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது. அவர்களிடம் வேலையை மட்டும் கொடுக்கிறோம், முடிவெடுக்க விடுவதில்லை. ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் ஒருவரை நியமித்து, சபை முன்னால் பெயர் வாசித்து, அவருக்காகச் செபித்து அனுப்புங்கள். படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, தனியாக இருக்கும் விதவை என்று அவர் எழுதிவரும் பட்டியல் கிராம சேவையாளரிடமும் ஒன்று இருக்கட்டும். மண்டபத் திறப்பு மூன்று வீடுகளில் இருக்கட்டும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைக்கும்படி ஒரு ஞாயிறு அறிவித்தால் போதும், செலவு ஒன்றுமில்லை. வருடாந்த வரவுசெலவில் இதற்கென்று ஒரு தொகை, அதன் கணக்கு சபையின் அறிவிப்புப் பலகையில்.

அந்தப் பட்டியலில் நம் ஆட்கள் மட்டும் இருக்கக் கூடாது. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் உழவு இயந்திரத்தில் வெள்ளத்தைக் கடக்கும்போது அடித்துச் செல்லப்பட்டவர்கள் மதரசாப் பிள்ளைகள். எந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான். கோயில் தர்மகர்த்தாமாரையும் பள்ளிவாசல் நிருவாகத்தினரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்தப் பாதையில் தண்ணீர் முதலில் ஏறும், யாரிடம் தோணி இருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு கூட்டத்தை வையுங்கள். திகதியை மட்டும் அறிவியுங்கள். வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க நானும் என்னோடு சில வாலிபரும் வருகிறோம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
ஒரு சபை விசுவாசி,
மட்டக்களப்பு