நானோ வெள்ளியும் தென்பெண்ணைத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களை ஆராயும் பெங்களூரின் நானோ ஆய்வகங்களைப் பாராட்டித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியவைதான். ஆனால் ஆய்வகத்தைத் தாண்டிக் கடைக்கு வந்துவிட்ட நானோப் பொருள்களை யார் கண்காணிக்கிறார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

சென்ற மாதம் கமர்சியல் தெருவில் மகனுக்குப் பள்ளிக் காலுறை வாங்கினேன். அட்டையில் ‘நானோ வெள்ளி, நாற்றம் வராது’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் பருத்தி எவ்வளவு, நைலான் எவ்வளவு என்ற கணக்கு இருந்ததே தவிர, வெள்ளி எவ்வளவு, துவைத்தால் அது நூலிலேயே தங்குமா என்ற விவரம் இல்லை. கேட்டதற்கு, “கம்பெனியைத்தான் கேக்கணும்மா” என்றார் கடைக்காரர்.

எல்லாக் காலுறையிலும் அது தங்குவதில்லை என்பதை 2008இலேயே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். அவர்கள் அலசிப் பார்த்த காலுறைகளில் சில, சில அலசல்களிலேயே பெரும்பகுதி வெள்ளியைத் தண்ணீரில் விட்டுவிட்டன. வெள்ளி நாற்றத்தைத் தடுப்பதே நுண்ணுயிரிகளைக் கொல்வதால்தான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமோ நுண்ணுயிரிகளை நம்பித்தான் ஓடுகிறது. அங்கே வெள்ளியின் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து, வீரியம் குறைந்து, கசடில் படிந்துவிடும் என்கிறார்கள். ஆறுதல்தான். ஆனால் நம் ஊர்க் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறதா?

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூரின் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அந்தப் பாசனத்தில்தான் என் தம்பி தக்காளி பயிரிடுகிறான். மதகடியில் நுரை ஆளுயரத்துக்குப் பொங்கிய நாள்களில் அவன் வாய்க்காலில் கால் வைக்கவே அஞ்சினான். அந்த நுரைக்குக் காரணம் சோப்பும் ஆலைக் கழிவும்தான், வெள்ளி அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததால் அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. தலைமுடியின் பருமனில் பல நூற்றில் ஒரு பங்கே இருக்கும் துகளைப் பற்றி யார் கேட்பார்கள்?

நானோ ஆய்வை வளர்க்க 2007இல் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் தொடங்கிய மத்திய அரசு, நானோ மருந்துகளுக்கு 2019இலும், வேளாண் இடுபொருள்களுக்கும் உணவுக்கும் 2020இலும்தான் மதிப்பீட்டு நெறிகளை வெளியிட்டது. காலுறையும் சுவர் வண்ணமும் அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2013 முதல் முகப்பூச்சுகளின் சேர்மானப் பட்டியலில் நானோப் பொருளின் பெயரோடு ‘நானோ’ என்று குறிப்பிட்டாக வேண்டும்.

இங்கும் நானோ என்று விளம்பரம் செய்து விற்கிற ஒவ்வொரு பொருளிலும் அதன் அளவையும், துவைத்தால் வெளியேறும் அளவையும் அச்சிட வேண்டும் என்று சட்டம் வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெங்களூரிலிருந்து கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்பப்படும் சுத்திகரித்த நீரிலும், தென்பெண்ணை நீரிலும், நிலத்துக்கு உரமாகப் போகும் கசடிலும் வெள்ளியை அளந்து, முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். கெலவரப்பள்ளி விவசாயிகளுக்குக் கன்னட அறிக்கை மட்டும் போதாது.

வாங்கிய காலுறைகளில் ஒரு ஜோடியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். வாரியத்தின் ஆய்வகம் கேட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு