ஸ்கூபலை அனுப்பிவிடாதீர்கள்: டெட்ராய்ட் டைகர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஸ்காட் ஹாரிஸ், ஜெஃப் கிரீன்பெர்க் இருவருக்கும்,

வணக்கம். டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் பேஸ்பால் பேச்சு முழுக்கத் தமிழில்தான் நடக்கும். மனதில் இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும் என்பதால் இந்த மடலும் தமிழிலேயே வருகிறது.

2025 அக்டோபர் 10 இரவை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சியாட்டிலில் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) தொடரின் கடைசியான ஐந்தாவது ஆட்டம். நம் இடது கை பிட்சர் (பந்து வீசுபவர்) டாரிக் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸ் வீசி 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். அதில் ஏழு பேர் வரிசையாக விழுந்தார்கள். 99 பந்துகள் போட்டுவிட்டு அவர் போனபோது நாம் 2-1 என்று முன்னால் இருந்தோம். ஏழாவது இன்னிங்ஸில் சியாட்டில் சமன் செய்தது. 15-வது இன்னிங்ஸில் ஹோர்ஹே போலாங்கோ அடித்த அடியில் எல்லாம் முடிந்தது. இங்கே மணி நள்ளிரவு ஒன்றைத் தாண்டியிருந்தது. என் பத்து வயது மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அப்பா, ஸ்கூபல் அடுத்த வருஷம் நம்மகிட்ட இருப்பாரா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

2026 சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜெண்ட், எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். அவருக்காகப் பேசுகிறவர் ஸ்காட் போராஸ். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் படியாது என்பது ஊருக்கே தெரியும். இப்போதே டிரேடு செய்தால், அதாவது வேறு அணிக்குக் கொடுத்து ஆள் மாற்றிக்கொண்டால், மூன்று நான்கு நல்ல இளம் வீரர்கள் கிடைப்பார்கள். வைத்திருந்து அவர் போய்விட்டால், டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) கூடுதலாக ஒரு இடம் மட்டும்தான் மிஞ்சும். இந்தக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இதே கணக்கை இந்த ஊர் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறது.

2017 ஆகஸ்ட் 31. டிரேடு கெடு முடியும் கடைசி நொடிகளில் நம் நட்சத்திர பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு வந்தவர்கள் மூவர். அவர்களில் பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட பிட்சர் ஃப்ராங்க்ளின் பெரெஸ் காயம் மேல் காயமாகப் பட்டு, மேல்மட்டமான மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. டாஸ் கேமரன் வந்தார், போனார். ஜேக் ராஜர்ஸ் மட்டும் நிலைத்தார். நல்ல கேட்சர், குறை சொல்ல மாட்டேன். வெர்லாண்டரோ அதே 2017-இலேயே ஹூஸ்டனுடன் கோப்பையைத் தூக்கினார். 2022-இல் மறுபடியும் தூக்கினார். நடுவில் 2019-இலும், பிறகு 2022-இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அந்த டிரேடை அறிவித்த நாளில் நமக்கு வந்த மூன்று பெயர்களும் எவ்வளவு அழகாகத் தெரிந்தன!

இதற்கு எதிராக ஜான் ஸ்மோல்ட்ஸை நீங்கள் எடுத்துக்காட்டலாம். நியாயம்தான். 1987-இல் அனுபவசாலி பிட்சர் டாயில் அலெக்சாண்டருக்காக டைகர்ஸ் கொடுத்தது இந்த ஸ்மோல்ட்ஸைத்தான், இளம் வீரர்கள் வளரும் மைனர் லீகின் டபுள்-ஏ படியில் தடுமாறிக்கொண்டிருந்த 20 வயது பிட்சர் பையனை. மிச்சிகன் மண்ணிலேயே பிறந்து லான்சிங்கில் வளர்ந்தவன். அலெக்சாண்டர் ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை என்று அசத்தினார். ஆனாலும் அந்த அக்டோபரில் மினசோட்டாவிடம் தோற்றோம். ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் 210 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் கடைசியில் காத்து ஆட்டத்தை முடிப்பது) என்று குவித்து 2015-இல் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். இளம் வீரனைத் தூக்கிக் கொடுத்தாலும் அடி விழும் என்பதற்கு அது சாட்சி. அதனால் நம் மைனர் லீகில் வளரும் கெவின் மக்கானிகலையோ மேக்ஸ் கிளார்க்கையோ, சீசனின் கடைசி இரண்டு மாதம் மட்டும் உதவும் ஒரு வீரருக்காக யாருக்கும் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். 2025 ஜூலையில் முதலிடத்தில் இருந்தபோதும் அவர்களை நீங்கள் கைவிடவில்லை. அன்று பலர் உங்களைத் திட்டினார்கள். பெரிய முன்னிலை கரைந்து நம் டிவிஷன் (ஐந்து அணிகளின் பிரிவு) பட்டம் கிளீவ்லாண்டுக்குப் போனபோது இன்னும் அதிகமாகத் திட்டினார்கள். அப்போதும் நான் உங்கள் பக்கம்தான் நின்றேன்.

ஏன் என்றால் அந்தப் பையன்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் கிராண்ட் ரேபிட்ஸ் பக்கத்தில் இருக்கும் காம்ஸ்டாக் பார்க்குக்குப் போனோம், டைகர்ஸின் மைனர் லீக் அணியான வெஸ்ட் மிச்சிகன் ஒயிட்கேப்ஸ் ஆட்டத்துக்கு. மைனர் லீகில் உட்காரும் இடம் அவ்வளவு பக்கம், பேட்டர் மூச்சு விடுவதுகூடத் தெரியும். மக்கானிகல் இடது கைப் பேட்டர். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னொன்று ஆனால் அவுட். பேட்டில் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தார். அடுத்து வந்ததைத் தட்டிவிட்டார், கோட்டுக்கு வெளியே போன ஃபவுல், அவுட் இல்லை. மறுபடியும் ஃபவுல். தாழ்வாக விழுந்த பந்தைத் தொடவே இல்லை, தோள்கூட அசையவில்லை. கடைசியில், அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே வந்த நான்காவது பந்தையும் விட்டுவிட்டு, அதற்குக் கிடைக்கும் 'வாக்' வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல முதல் பேஸுக்கு ஓடினார். கூட்டம் பெரிதாகக் கைதட்டவில்லை. என் மகள்தான் கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள்: "ஒன்பது பந்துப்பா!" அந்த வருடம் முழுக்க அவர் ஸ்ட்ரைக்அவுட் ஆனதைவிட வாக் வாங்கியதுதான் அதிகம். 2023 டிராஃப்டில் 37-வதாக எடுக்கப்பட்டவர் இவர். மூன்றாவதாக எடுக்கப்பட்ட கிளார்க்கும் அவரும் சேர்ந்தே ஈரீக்கு, டபுள்-ஏவுக்கு, ஏறினார்கள்.

இப்போது ஸ்கூபல் வந்த வழியைப் பாருங்கள். கல்லூரியிலேயே முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2018 டிராஃப்டில் ஒன்பதாவது சுற்று வரை யாரும் எடுக்கவில்லை. 2022-இல் முன்கைத் தசைநாரில் இன்னொரு அறுவை சிகிச்சை. திரும்பி வர அடுத்த ஜூலை ஆகிவிட்டது. 2024-இல் 18 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) 2.39, ஒருமனதாக சை யங். 2025-இல் 241 ஸ்ட்ரைக்அவுட், மறுபடியும் சை யங். அமெரிக்கன் லீகில் பெட்ரோ மார்ட்டினஸுக்குப் பிறகு அடுத்தடுத்த வருடங்களில் அதை வாங்கியவர் வேறு யாரும் இல்லை. நம் மைனர் லீகில் விளைந்தவர் இவர். ஏழு வருடம் காத்திருந்து இப்படி ஒருவரைப் பெற்றுவிட்டு, "நாளைக்கு இவரைப் போல ஆகலாம்" என்ற நம்பிக்கையில் மூன்று பேரை வாங்குவதற்கு அவரையே கொடுப்பதா? அந்த மூவர் தயாராவதற்குள் மக்கானிகலும் கிளார்க்கும் தங்கள் நல்ல வருடங்களில் பாதியைக் கழித்திருப்பார்கள்.

டிரேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 ஜூலையில் பிட்சர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்து இளம் வீரர்கள் ட்ரே ஸ்வீனியையும் தாய்ரான் லிரான்ஸோவையும் வாங்கினீர்கள். அருமையான வேலை. ஸ்வீனி வந்து ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) ஃபீல்டிங் நின்றார். ஆகஸ்டில் 55 வெற்றி, 63 தோல்வி என்று கிடந்த அணி மீதி ஆட்டங்களில் 31-13 என்று ஓடிப் பத்து வருடம் கழித்து பிளேஆஃபுக்குள் போனது. ஆனால் அன்றைக்கு நாம் பின்தங்கியிருந்தோம். இன்றைக்கு அந்த நிலை இல்லை.

ஆகவே மூன்று விஷயம் கேட்கிறேன். ஸ்கூபலுக்கு நீண்ட ஒப்பந்தம் ஒன்றை மனதார முன்வையுங்கள். அவர் மறுத்தாலும் 2026 முழுக்க அவரை நம் சட்டையிலேயே வைத்திருங்கள். அப்புறம், மக்கானிகல் தயார் என்று உங்கள் பயிற்சியாளர்கள் சொல்லும் நாளில் அவரை மேலே கூப்பிடுங்கள். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சர்வீஸ் சேர்ந்து, ஃப்ரீ ஏஜெண்ட் ஆகும் நாள் நெருங்கும்; அது சேராமல் இருக்கக் கணக்கு பார்த்து டொலீடோ மைனர் லீக் அணியில் நிறுத்தி வைக்காதீர்கள். 1984-க்குப் பிறகு இந்த ஊருக்குக் கோப்பை வரவில்லை. அந்த இடது கை பிட்சரும் இந்த இரண்டு இளைஞர்களும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் நிற்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

2026 ஏப்ரலில் டைகர்ஸின் மைதானமான கொமெரிக்கா பார்க்குக்கு மூன்று டிக்கெட் எடுக்கப் போகிறோம். என்றைக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 29-ஆம் எண் சட்டை போட்ட ஸ்கூபல் வீசும் நாளாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
நோவையிலிருந்து ஒரு டைகர்ஸ் ரசிகன்