37 நாள் குறைந்துபோனவருக்காக ஒரு மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அவர்களுக்கும், மேஜர் லீக் வீரர்கள் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். உங்கள் இருதரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சில் சம்பளம், ஒளிபரப்பு வருமானம் என்று எல்லாம் வரும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வழியில்லாத சில நூறு முதியவர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான உங்கள் மேஜர் லீகில் 1947க்கும் 1979க்கும் இடையில் ஆடியும் நான்கு ஆண்டு பணிக்காலத்தை எட்டாததால் ஓய்வூதியம் இல்லாமல் போனவர்கள் இவர்கள்.

பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், டேவிட் கிளைடை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய முதல் ஆட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1973 ஜூன் 27, ஆர்லிங்டன் ஸ்டேடியம். ஹியூஸ்டனில் பள்ளி அணிக்குக் கடைசியாகப் பந்து வீசி 20 நாள்தான் ஆகிறது. வயது 18. வாஷிங்டனிலிருந்து இடம் மாறி வந்த அவருடைய டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கூட்டமே சேராத காலம் அது. அன்று மட்டும் 35,698 பேர் வந்தார்கள். மைதானத்துக்கு வரும் சாலையெல்லாம் கார்கள் தேங்கி நின்றதால் ஆட்டத்தைக் கால் மணி நேரம் தள்ளி வைத்தார்கள். மின்னசோட்டா ட்வின்ஸின் முதல் இரண்டு பேட்டர்களுக்கும் வாக் கொடுத்துவிட்டான் அந்தப் பையன், அதாவது நான்கு பந்துகளைத் தவறாக வீசி முதல் தளத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டான். இரண்டாமவர் லீகின் சிறந்த பேட்டர்களில் ஒருவரான ராட் கேரு! அப்புறம் அடுத்த மூன்று பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தான், மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் வீசி விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ஹிட் (பேட்டர் பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது). 4-3 என்று வெற்றி.

இரண்டு ஆட்டம் ஆடவிட்டு கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பிப் பக்குவப்படுத்துவது என்றுதான் பேச்சு. டிக்கெட் விற்பனையைப் பார்த்த உரிமையாளர் பாப் ஷார்ட் அவரை அனுப்பவில்லை. இன்று எங்கள் தெருமுனைப் பூங்காவில் சிறுவர்களின் லிட்டில் லீக் ஆட்டம் நடக்கும்போது, ஒருவர் நோட்டில் ஒவ்வொரு பந்தாகக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பார். 12 வயதுப் பையன் ஒரே நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. கிளைடின் தோளை அப்படி எண்ணிக் காப்பாற்ற அன்று ஆளில்லை. மேஜர் லீகில் அவர் கணக்கு மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. 1979ல் கடைசி ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 24. நான்கு ஆண்டு கணக்குக்கு 37 நாள் குறைந்தது.

அடுத்த ஆண்டே விதி மாறியது. 1980 மே மாத ஒப்பந்தத்தின்படி 43 நாள் அணியில் இருந்தால் ஓய்வூதியம், ஒரே நாள் இருந்தால் மருத்துவக் காப்பீடு. நல்ல விதி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்கு முன்பே ஆடி முடித்தவர்களை அதில் சேர்க்கவில்லை. மூன்று ஆண்டுக்கும் மேல் ஆடியவருக்கு ஒன்றுமில்லை, பிறகு வந்து ஒன்றரை மாதம் ஆடியவருக்கு ஓய்வூதியம். இதை எந்தக் கணக்கில் நியாயம் என்று சொல்வீர்கள்?

இன்னொரு பிட்சர் லாரி யவுண்ட் நினைவுக்கு வருகிறார். 1971 செப்டம்பர் 15, ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை ஒன்பதாவது இன்னிங்ஸில் மவுண்டுக்கு, அதாவது பந்து வீசும் மேட்டுக்கு, அழைத்தது. கையைப் பழக்கச் சில பந்துகள் வீசும்போதே முழங்கையில் வலி. ஒரு பேட்டரைக்கூடச் சந்திக்காமல் இறங்கினார், மேஜர் லீகில் திரும்ப ஏறவே இல்லை. பிறகு வேறு தொழிலில் நன்றாக வாழ்ந்தார், அது வேறு விஷயம். பிட்சரின் கை எந்தப் பந்தோடு நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தானே 43 நாள் என்று இறங்கி வந்தீர்கள்? அந்தக் காரணம் 1971க்கும் பொருந்தும்.

சங்கத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய வீரர்களுக்காகப் பேச வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை என்பது சரிதான். ஆனால் 1972 ஏப்ரலில் நடந்த உங்கள் முதல் வேலைநிறுத்தம் எதற்காக? ஓய்வூதிய நிதிக்காக. 13 நாள், 86 ஆட்டங்கள் நடக்கவில்லை. அன்று சம்பளத்தை விட்டுக்கொடுத்து நின்றவர்களில் நான்கு ஆண்டை எட்டாதவர்களும் உண்டு. அவர்கள் நின்று வாங்கிக் கொடுத்த பலன் அவர்களுக்கே கிடைக்கவில்லை.

2011ல் ஒரு தொகை கொடுக்கத் தொடங்கினீர்கள், சரி. அணியில் இருந்த ஒவ்வொரு 43 நாளுக்கும் ஆண்டுக்கு 625 டாலர், 2022ல் அது 718.75 ஆனது. 43 நாள் மட்டும் இருந்தவருக்கு வாரத்துக்கு 14 டாலர்கூட வராது, அதிலும் வரி போகும். வீரர் இறந்தால் அதுவும் நின்றுவிடும், மனைவிக்கு ஒரு காசு கிடையாது. இன்று புதிதாக வரும் வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 2026ல் 7,80,000 டாலர். இதில் எனக்குப் பொறாமை இல்லை, வாங்கட்டும்.

நான் கேட்பது இரண்டு. 1980 விதியை 1947 வரை பின்தேதியிட்டு நீட்டுங்கள், 43 நாள் இருந்தவருக்கு முறையான ஓய்வூதியமாகவே கொடுங்கள். அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் அது போகட்டும். 1979ல் 20 வயதில் ஆடியவருக்கே இப்போது 65 தாண்டிவிட்டது. இதை அடுத்த ஒப்பந்தத்துக்குத் தள்ளாதீர்கள், இந்த டிசம்பருக்குள் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
ஹியூஸ்டனிலிருந்து ஒரு பேஸ்பால் ரசிகன்