வடசென்னையில் புகைப் பரிசோதனை மையம் வைத்திருப்பவர்களுக்கு

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். ராயபுரம், வியாசர்பாடி, மணலி, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் ஓரமாக மெஷின் வைத்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒழுங்காகச் செய்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சமீபத்தில் ஒரு பெட்ரோல் கார் வந்தது. பிக்கப் இல்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்றார் சொந்தக்காரர். சைலன்சர் பக்கம் போய் நின்றாலே கண் எரிந்தது. ஸ்கேனர் போட்டால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்ற பழுதுக் குறியீடு. ஆனால் டேஷ்போர்டில் மை காயாத புகைச் சான்றிதழ், பாஸ் என்று. சைலன்சருக்குள் குழாய் விட்டார்களா என்று கேட்டேன். "நம்பர் பிளேட்டை போட்டோ புடிச்சாங்க, பேப்பர் குடுத்தாங்க" என்றார்.

கன்டெய்னர் லாரி கக்குகிற புகைக்கு நடுவில் ஒரு பெட்ரோல் கார் என்ன செய்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். லாரிப் புகை கண்ணுக்குத் தெரியும், போலீஸ்காரரே பார்த்து நிறுத்தலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உங்கள் மெஷினை விட்டால் தெருவில் அதைக் காட்டிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது.

புதுப் பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயம் என்பது சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் வந்தது. தேன்கூடு மாதிரி துளைகள் உள்ள பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது ஒரே நேரத்தில் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றிவிடும். இரண்டு நிபந்தனை உண்டு. முதலாவது சூடு: 250, 300 டிகிரி ஏறாமல் அது வேலையைத் தொடங்காது. அதனால் குளிர்ந்த இன்ஜினில் டெஸ்ட் எடுத்து நல்ல வண்டியை ஃபெயில் ஆக்குவதும் தப்புதான். இரண்டாவது கலவை: ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. அதைத்தான் உங்கள் மெஷின் லாம்ப்டா 1 என்று காட்டுகிறது. இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்.

பிஎஸ்-4, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த கார் என்றால், ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டக் கூடாது. அப்புறம் 2500 ஆர்பிஎம் அளவுக்கு ஆக்சிலரேட்டரைப் பிடித்து, கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்ப்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் முழுங்கிவிடுகிறீர்கள். எனக்கு வேண்டியதே அந்த நம்பர்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் முதலில் பிளக்கையும் காயிலையும் பார்ப்பேன். பிளக் சரியாகப் பொறி விடாமல் இன்ஜின் மிஸ் ஆகும்போது எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அந்தப் பீங்கானையே உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கை விட்டுவிட்டு, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டருக்கு அழுகிற கதை இப்படித்தான் வருகிறது. லாம்ப்டா 1.03க்கு மேல் போனால் எங்கோ காற்று நுழைகிறது. நம்ம பக்கம் உப்புக்காற்றுக்கு சைலன்சர் ஜாயின்ட் துருப்பிடித்து ஓட்டை விழுவது சகஜம். அந்த ஓட்டை சென்சாருக்கு முன்னால் இருந்தால், காற்று அதிகம் என்று சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டச் சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறி லாம்ப்டா இறங்கினால் இன்ஜெக்டர் ஒழுகலாம், சென்சார் பழுதாகி இருக்கலாம். இல்லை, எங்கள் ஆட்களில் யாராவது இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருக்கலாம். சென்னை வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சீக்கிரம் சூடேறாது. கம்ப்யூட்டரும் வண்டி இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

பங்கிலேயே இருக்கிறீர்கள், அதனால் இன்னொன்று. ஆட்டோ கட் ஆனபிறகும் ரவுண்டாக வரட்டும் என்று பெட்ரோல் போடும் பையன்களைக் கொஞ்சம் கண்டியுங்கள். டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே இறங்கி அது கெட்டுப்போகும்.

எனக்கு வியாபாரம் தேடித்தரச் சொல்லவில்லை. வண்டிக்காரர் எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் போகட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: வண்டி சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை ஒரு அடியாவது உள்ளே விடுங்கள். 2500 ஆர்பிஎம்மிலும் எடுங்கள். பேப்பரை மடித்துக் கொடுக்கும் முன் அந்த எண்களை அவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். ஃபெயில் என்றால் ஃபெயில் என்றே சொல்லுங்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டால் எங்கள் கடைக்கு அனுப்புங்கள், ஏன் ஃபெயில் ஆனது என்று காசு வாங்காமல் நான் விளக்கிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவன்